வெகுமதி அறிவிப்பு: இன்றே கடைசி

1

இந்தக் கதை முதலில் ஒரு விளக்கக் கடிதமாக இருந்தது. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி எழுதி, "ஐயா, வணக்கம்" என்று போட்டு, அடுத்த வரியில் பேனாவை வைத்தால் பேனா நகரவில்லை.

கடிதம் என் அக்காவின் கணவருக்காக. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஊர் அவரை மைக்செட் என்று கூப்பிடும். வேனின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வது அவர் தொழில். வேனை ஓட்டுவது என் அக்கா. அரசாங்க அலுவலகம் அவரிடம் கேட்டிருந்த விளக்கம் இது: "வெளிநாட்டவரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்து வைத்திருக்கும் பயங்கரவாதிகளைப் பற்றித் தகவல் தருவோருக்கு வெகுமதி வழங்கும் அறிவிப்பில், எழுதித் தரப்படாத 'இன்றே கடைசி' என்ற சொற்களைத் தாங்கள் சேர்த்து ஒலிபரப்பியது ஏன்?"

"பழக்கதோஷம்" என்று எழுதினால் முடிந்தது. எழுதினேன். மாமா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தோஷம் எதுக்கு மாப்ள? பழக்கம்னு மட்டும் போடு."

போட்டேன். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் அடங்காத மீதியெல்லாம் என் மேஜையிலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள். வரிசையாக வைக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

(அ) "நகரமே அச்சத்தில் உறைந்துபோயிருந்தது." அடித்துவிட்டேன். நகரம் எங்கே உறைந்தது? கடைகள் திறந்திருந்தன. பேருந்தில் இடத்துக்குச் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. பயம் இருந்தது உண்மை, ஆனால் அது வேலைக்குப் போகிற பயம்.

(ஆ) "பாலம் கட்ட வந்த இரண்டு வெளிநாட்டுப் பொறியாளர்கள் பட்டப்பகலில் கடத்தப்பட்டு, அவர்களைக் கொன்றுவிடுவதாக மிரட்டும் குரல்பதிவு ஒன்று..." இது செய்தித்தாளின் வேலை. நடந்தது இதுதான் என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

(இ) "அவள் கையில் ஈரம் இருந்தது." இதையும் அடித்திருக்கிறேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

(ஈ) மாமா தொண்டையைச் செருமினார்.

இது இருக்கட்டும். எங்கள் குடும்பத்தில் எல்லாமே அப்படித்தான் தொடங்கும்.

3

மாமாவின் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. (பெருமைப்படுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆம், பெருமைதான். மறைக்கிற உத்தேசமில்லை.)

துணிக்கடைத் தள்ளுபடி, சர்க்கஸ், பொருட்காட்சி, ரத்ததான முகாம், தண்ணீர் வராத நாள், காணாமல்போன குழந்தை, எல்லாம் அந்தக் குரலில்தான் ஊருக்குத் தெரியும். எந்த அறிவிப்பாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். "முந்துங்கள்! இன்றே கடைசி... இன்றே கடைஏஏசி!" முதல் தடவை சாதாரணமாக வரும். இரண்டாவதில் 'கடை' படியேறும், மேலே கொஞ்சம் நிற்கும், 'சி' வழுக்கிக்கொண்டு இறங்கிவரும்.

ஒரு வாரம் நடக்க வேண்டிய கண் பரிசோதனை முகாமுக்கும் அப்படியே சொல்லிவிட்டார். முதல் நாளே ஊர் மொத்தமும் வந்து நின்றது. அடுத்த நாள் முதல் டாக்டர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பரிசோதித்துக்கொண்டிருந்தார்களாம்.

"எங்க கல்யாணப் பத்திரிகைய எனக்குப் படிச்சுக் காட்டுனப்பவே கடைசில 'இன்றே கடைசி'ன்னுதான் முடிச்சாரு" என்பாள் அக்கா. "எச்சரிக்கைன்னு எனக்குத்தான் புரியல."

ஒரு விஷயம் முக்கியம். தெருமுனை வரும்போது அக்கா கியரைக் குறைப்பாள். வேன் ஒரு தடவை உறுமி அடங்கும். அந்த உறுமல் கேட்டதும் மாமாவின் வாய் தன்னால் "இன்றே கடைசி" என்று சொல்லும். யோசித்துச் சொல்வதில்லை. அவள் கை அங்கே இறங்கினால் அவர் குரல் இங்கே ஏறும். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் இருவருக்கும் சண்டையே வராத ஒரே இடம் அதுதான்.

4

அறிவிப்பை எழுதிக்கொடுத்த அதிகாரியின் அறையில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. சுவரில், தேடப்படுகிற, முகம் தெரியாத நான்கு பேரின் கறுப்புப் படங்கள். அதிகாரி தாளை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார்.

"ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. புரியுதா?"

"படிச்சுக் காட்டவா சார்?"

படித்தார். பிணைக்கைதிகளின் இருப்பிடம் பற்றியோ அவர்களைப் பிடித்து வைத்திருப்பவர்களைப் பற்றியோ தகவல் தருவோருக்கு அரசு வெகுமதி வழங்கும்; இந்த எண்ணுக்கு அழைக்கவும்; தகவல் தருபவர் யாரென்பது ரகசியமாகக் காக்கப்படும். அறை வாசலில் அலுவலக ஊழியர்கள் வந்து நின்றுவிட்டார்கள். அதிகாரிக்கே கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. தான் எழுதியதா இது என்று.

ஒரு எழுத்து கூடவில்லை. எப்படிக் கூடும்? அங்கே வேன் இல்லை, கியர் இல்லை, அக்கா இல்லை.

5

இப்போது தெரு. இந்தப் பகுதியை மாமா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன். நம்புவதா வேண்டாமா என்பதை எட்டாவது பகுதிவரை ஒத்திப்போடுங்கள்.

மத்தியான வெயில். இரண்டு பக்கமும் மதில் வைத்த வீடுகள். ஸ்பீக்கர் சத்தத்துக்கு ஒரு ஜன்னல் திறக்கும், ஒன்று மூடும். "...யாரென்பது ரகசியமாகக் காக்கப்படும்" என்று மாமா முடித்தார். தெருமுனை வந்தது. அக்கா கியரைக் குறைத்தாள்.

"முந்துங்கள்! இன்றே கடைசி... இன்றே கடைஏஏசி!"

சொன்னது அவருக்குத் தெரியாது. முந்தைய தெருக்களிலெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதும் தெரியாது. மூச்சு விட்டது யாருக்குத் தெரிகிறது?

ஒரு கேட் திறந்தது. ஒரு பெண் வந்தாள். கையில் ஈரம், துடைத்துக்கொண்டே வந்தாள். வேனின் பக்கத்தில் வந்து, ஸ்பீக்கரைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தாள்.

"அண்ணே, நெஜமாவே இன்னைக்கே கடைசியா?"

"எதும்மா?"

"அதான், இப்ப சொன்னீங்களே. போன் பண்றது. நாளைக்குன்னா ஆகாதா?"

அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. அரசாங்கத் தாளில் இல்லாததைச் சொல்லியிருக்கிறோம். ஒரு எழுத்து கூடக் கூடாதென்ற இடத்தில் ஒரு முழுப் பொய்யைச் சேர்த்திருக்கிறோம். 'இல்லம்மா, வாய் தவறிடுச்சு, எப்ப வேணாலும் பண்ணலாம்' என்று சொல்ல வாயைத் திறந்தவர்

[இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். ஒரு சிறு குறிப்பு அவசியமாகிறது.]

குறிப்பு: தொழிலில் மாமா கண்டுபிடித்த ஒன்று உண்டு. வேனை நிறுத்திக் கேட்கிறவர்கள் இரண்டு வகை. விலை கேட்கிறவர்கள் வாங்கமாட்டார்கள், பொழுதுபோகக் கேட்பார்கள். எதுவரைக்கும் என்று கேட்கிறவர்கள் மனசுக்குள் ஏற்கெனவே கடைவாசலில் நிற்கிறார்கள். ஒரு தள்ளு போதும். நாளை என்று ஒன்று இருக்கிறதென்று தெரிந்தால் திரும்பிப் போய்விடுவார்கள்.

வெகுமதி எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

மாமா தாளை மடித்தார்.

"ஆமா. இன்னைக்கே கடைசி."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கேட் மூடிக்கொண்டது. கண்ணாடியில் அக்காவின் கண்கள் மாமாவைப் பார்த்தன. அக்கா வண்டியை எடுத்தாள்.

6

சாயங்காலம் அதிகாரி அழைத்து வைத்துப் பேசியதை எழுதினால் இந்தக் கதையைக் குழந்தைகள் படிக்க முடியாமல் போய்விடும். சுருக்கம் மட்டும் தருகிறேன்.

"அரசாங்கம் என்ன துணிக்கடையாய்யா? ரெண்டு உசுரு ஊசலாடுது, நீ தள்ளுபடி போட்டுட்டு வர்றியா?"

"சார், அது..."

"நாளைக்குக் காலையில அதே தெருவெல்லாம் போற. 'நேத்து சொன்னது தவறு, வெகுமதி தொடர்கிறது'ன்னு சொல்ற. இல்லன்னா ஸ்பீக்கரக் கழட்டி இங்க வச்சிட்டுப் போயிடு."

மாமா மைக்கில் சொன்னதை ஒருநாளும் திரும்பப் பெற்றவர் இல்லை. சர்க்கஸ் கூடாரம் காற்றில் சரிந்து விழுந்த நாளில்கூட, 'காட்சி இல்லை' என்று சொல்லாமல் 'கூடாரத்தைக் காண வாருங்கள்' என்று சொன்னவர். அதிகாரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் யோசித்தது ஸ்பீக்கரைப் பற்றி மட்டுமில்லை. அந்த ஒருவர் இன்னும் போன் செய்யவில்லை என்றால், நாளைக் காலை அறிவிப்பைக் கேட்டதும் 'அப்பாடா, நேரமிருக்கிறது' என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். நேரம் இருப்பது வெளியே இருப்பவர்களுக்குத்தான். உள்ளே கட்டிப்போடப்பட்டிருக்கும் இரண்டு பேருக்கு இல்லை.

காலையில் வேனைத் துடைத்தார். அக்கா சாவியைப் போட்டாள். அதற்குள் பக்கத்துக் கடை டிவியிலிருந்து சத்தம் வந்தது. விடியும் முன்பே பிணைக்கைதிகள் இருந்த வீட்டைப் போலீஸார் சுற்றி வளைத்துவிட்டார்கள். பொறியாளர்கள் இருவரும் உயிரோடு மீட்பு. ரகசியத் தகவலின் பேரில்.

அதிகாரி போன் செய்தார். "இன்னைக்குப் போக வேண்டாம்" என்றார்.

"நான்தான் சொன்னேனே சார், இன்றே கடைசின்னு. கடைசியாத்தானே ஆச்சு?"

இதற்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது என்பது என் ஊகம்.

7

இந்தப் பகுதியில் ஒரு திருத்தமும் செய்யவில்லை. நான் கண்ணால் பார்த்தது.

மீட்கப்பட்டவர்களில் ஒருவரை டிவியில் பேட்டி எடுத்தார்கள். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போன மனிதர். நம் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அவர் சொன்னதைப் பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்த்தார்: "கடைசி நாளில் வெளியே தெருவில் ஒரு குரல் போயிற்று. என்ன சொன்னது என்று தெரியாது. ஆனால் எங்களைக் காவல் காத்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் எங்களைத் தேடுகிறது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அதுவரைக்கும் எல்லோரும் எங்களை மறந்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தோம்."

எப்படிப்பட்ட குரல் என்று கேட்டார்கள்.

அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். வார்த்தை இல்லாமல் வெறும் ராகமாக முனகிக் காட்டினார். முதலில் சாதாரணமாக ஒன்று. பிறகு படியேறி, மேலே கொஞ்சம் நின்று, வழுக்கிக்கொண்டு இறங்கி.

வயர் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மாமா மூக்கை உறிஞ்சினார். அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சுருதி கொஞ்சம் கம்மி. பரவால்ல, பட்டினி கிடந்த ஆளு."

8

இப்போது என் சந்தேகம்.

நான் முறைப்படி எழுதுகிறவன். ஒரு கடிதத்தில் ஒரு தேதி இரண்டு விதமாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. மாமாவோ கேட்டின் அருகே வந்தவரைப் பற்றி என்னிடம் பெண் என்றார். மாடிவீட்டுக்காரரிடம், கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் வந்து "தம்பி, இன்னைக்கே கடைசியா?" என்று கேட்டதாகச் சொன்னார். அதிகாரியிடம் யாருமே வரவில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு முடிவுக்கு வரத் தோன்றியது: யாரும் வரவில்லை, மனுஷன் புகழுக்கு அலைகிறார். இந்தக் கதையைக் கிழித்துப்போட எடுத்தும்விட்டேன்.

அந்த வாரம்தான் ஒருவர் வந்தார். நான் அன்று அக்கா வீட்டில் இருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல பேச்சு. மரச்சாமான் கடை திறக்கப்போகிறேன், நீங்கள்தான் அறிவிப்புச் செய்ய வேண்டும் என்று முன்பணம் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டிவில பாத்தேன் சார். அந்த வெளிநாட்டுக்காரரு உங்க ராகத்த அப்படியே பாடுறாரு! எந்தக் குரலுக்கு இந்த மரியாத கெடைக்கும்?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பணத்தைக் காட்டி எதையும் வாங்க முடியாது. குரலைப் புகழ்ந்தால் வீட்டையே எழுதிக்கொடுத்துவிடுவார்.

"உங்க வேன் அந்தத் தெருல நின்னுச்சாமே. யாரோ வந்து உங்ககிட்ட நேர்லயே கேட்டாங்களாம். அவ்வளவு தூரம் உங்க குரல் உள்ள போயிருக்கு சார்! யாரு, பொம்பளையா?"

"பொம்பளையா? இல்ல சார். பைக்குல போன ஒரு பையன். ஹெல்மெட்டக் கழட்டாமலே கேட்டான். எந்த ஊர்க்காரனோ, வழி விசாரிச்சிட்டு அப்படியே இதையும் கேட்டான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, என்கிட்ட நீங்க..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. கொதிக்கிற டீ டம்ளரை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "ஆறிடும், குடி."

வந்தவர் அக்காவிடம் திரும்பினார். "நீங்களும் கூட இருந்தீங்கல்லம்மா? பாத்திருப்பீங்களே?"

"வண்டி ஓட்டுறவ ரோட்டத்தான் சார் பாப்பா. இவர மாதிரி வேடிக்கை பாத்துட்டு ஓட்டுனா இந்நேரம் எங்க ரெண்டு பேரையும் பத்தித்தான் அறிவிப்பு போயிருக்கும்."

அவர் டீயைத் தொடாமல் எழுந்துபோனார். மரச்சாமான் கடை எங்கேயும் திறக்கவில்லை. முன்பணத்தைத் திரும்பக் கேட்டும் யாரும் வரவில்லை. வந்தது பத்திரிகைக்காரரா, வம்பு பேசுகிறவரா, எனக்குத் தெரியாது. பிடிபட்டவர்கள் போக இரண்டு பேர் தப்பிவிட்டார்கள் என்று செய்தித்தாள் எழுதியிருந்தது மட்டும் தெரியும். அலுவலகச் சுவரில் தொங்கிய நான்கு கறுப்புப் படங்களில் இரண்டு இன்னும் அங்கேயே தொங்குகின்றன.

9

கை சிவந்துபோயிருந்தது. ஊதிக்கொண்டே கேட்டேன்.

"எனக்குச் சொன்னதாவது நெஜமா மாமா?"

"உனக்கும் மாத்தித்தான் சொன்னேன் மாப்ள. கோவிச்சுக்காத. நீ எழுதுற ஆளு."

"ஏன் இப்படி ஆளுக்கு ஒண்ணு? யாரும் வரலன்னு எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி சொல்லிட்டா முடிஞ்சுதுல்ல?"

"வேன் நின்னத நாலு பேரு பாத்திருக்கான். வரலன்னா தோண்டுவான்." மாமா மைக்கின் தலையைத் துணியால் துடைத்தார். "எங்க தொழில்ல ஒண்ணு இருக்கு. ஒரு விஷயம் ஊரு மனசுல பதியணும்னா அத ஒரே மாதிரி சொல்லணும். அதே வார்த்த, அதே ஏத்தம், அதே எறக்கம். பதியவே கூடாதா? ஒவ்வொரு தடவையும் மாத்திச் சொல்லணும். கேட்டவன் இன்னொருத்தன்கிட்டப் போயி, 'பெரியவராமே'ம்பான். அவன் 'இல்ல, பைக்குக்காரன்'ம்பான். ரெண்டு பேருமா சேந்து 'மைக்செட்டு புளுகுறான்டா'ன்னு முடிச்சிருவாங்க. முடிச்சிட்டுப் போகட்டும்."

"உங்களப் புளுகன்னு சொன்னா பரவால்லயா?"

அவர் மைக்கை இன்னும் அழுத்தித் துடைத்தார். வாழ்நாள் முழுக்க ஊர் தன் பேச்சை நம்ப வேண்டும் என்று கத்தின மனிதர்.

"யாரென்பது ரகசியமாகக் காக்கப்படும்னு சொன்னது யாரு? எழுதுனது அரசாங்கம். சொன்னது நானு. அந்த ஆளு கேட்டத் தெறந்துட்டு வந்தது அரசாங்கத்த நம்பியா? என் வாயி சொன்னத நம்பி. அரசாங்கம் காப்பாத்தும், காப்பாத்தாமலும் போகும். நான் மைக்குல சொன்னத வாபஸ் வாங்கி உனக்குத் தெரியுமா?"

"மொதல்ல மைக்கத் தொடைக்கிறத விடுங்க, தேஞ்சிரும்" என்றாள் அக்கா. ஆனால் அவரைப் பார்த்த பார்வை அப்படியில்லை. அந்தப் பார்வையை எழுத மூன்று முறை முயன்று

[விட்டுவிட்டேன். அது எனக்கு உரியதில்லை.]

10

ஆகவே, இந்தக் கதையைக் கிழிக்கவில்லை. மாமாவின் முறையிலேயே எழுதியிருக்கிறேன். இரண்டாவது பகுதியில் ஈரக் கையை ஏன் அடித்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். ஐந்தாவது பகுதியில் ஏன் அடிக்கவில்லை என்றும் தெரிந்திருக்கும். அது உண்மை என்று நினைத்து, ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அடித்தேன். இல்லை என்று தெரிந்தபின் தைரியமாக வைத்துக்கொண்டேன். மதில் வைத்த வீடுகளையும் மத்தியான வெயிலையும்கூட நம்ப வேண்டாம்.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். தகவல் தந்தவர் ஒருநாள் மாமாவைத் தேடி வந்து நன்றி சொல்வது போல ஒன்று. நன்றாக வந்தது, ஆனால் வரக் கூடாதவர் அவர் ஒருவர்தான். அதிகாரி மாலை போடுவது போல ஒன்று. நடந்ததோ வேறு: அவர் அடுத்த அறிவிப்புத் தாளை நீட்டி, "இதையும் நீங்களே சொல்லுங்க" என்றார். 'நீங்க' என்றார். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. வெகுமதி யாருக்கோ, எங்கோ, சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கும். சேர்ந்ததா என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

மீதி உங்கள் பொறுப்பு. நீங்கள் இந்தக் கதையை யாரிடமாவது சொல்ல நேரும். அப்போது எனக்காக ஒன்றை மாற்றிச் சொல்லுங்கள். வேனை லாரியாக்குங்கள், வெயிலை மழையாக்குங்கள், அக்காவை... அக்காவை விட்டுவிடுங்கள், அவள் கோபித்துக்கொள்வாள். கேட்டின் அருகே வருபவரை உங்கள் இஷ்டப்படி வரவழைத்துக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

தெருமுனை வருகிறது. அக்கா கியரைக் குறைக்கிறாள். குரல் படியேறி, மேலே நின்று, இறங்குகிறது. ஒரு கேட் திறக்கிறது. வருவது

[இங்கே நிரப்பவும். என்னிடம் சொல்ல வேண்டாம்.]

"நெஜமாவே இன்னைக்கே கடைசியா?"

பதிலை மட்டும் மாற்றாதீர்கள். ஆள் வந்ததாக மாமா யாரிடம் சொன்னபோதும், அது மட்டும் ஒரு எழுத்து கூடாமல், குறையாமல் அப்படியே இருந்தது.

"ஆமா. இன்னைக்கே கடைசி."